துடுப்பைத் தூக்கினால் மீன்

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணே, ஒரு கால் ஆடுகிறது. காலையில் நானே விழப் பார்த்தேன். இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே யார், சம்சாரமா? சரியாகிவிடும், பயப்படாதீர்கள். என்னைப் பாருங்கள், நான் பயப்படுகிறேனா? துண்டைப் போர்த்தியிருப்பது இந்த ஏர்கோனுக்காக. ஆஸ்பத்திரியா மீன் பெட்டியா என்று தெரியவில்லை, இப்படி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உள்ளே இருப்பது மச்சான். தங்கச்சி புருஷன், கோதண்டம். இருதயம் நின்று நின்று ஓடியதாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மயக்க ஊசியிலேயே வைத்திருந்தார்கள். இன்று காலையில்தான் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கண் விழித்துவிட்டார், பேசுவார், கூப்பிடும்போது ஒருத்தர் உள்ளே வரலாம் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனாள். நல்ல செய்திதான். நல்ல செய்தி இல்லை என்று நான் சொன்னேனா?

தங்கச்சி அம்பிகை குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருக்கிறாள். இத்தனை நாளாக இந்த வராந்தாவை விட்டு அசையாதவள், அவன் கண் விழித்தான் என்றதும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஓடினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நீ இல்லைன்னா அவரு இல்லண்ணே." இங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். அதைக் கேட்டதிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. தெரிந்தவர்களிடம் கேட்க முடியாது. ஆனால் மொட்டையாகக் கேட்டால் உங்களுக்குப் புரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் நியாயமாகச் சொல்லுங்கள்.

என் பெயர் பரசுராமன். பத்து காஜா ஊர்ப் பக்கம் பழைய இரும்புக் கடை. சைக்கிளில் தகரம் பொறுக்கிக்கொண்டு ஆரம்பித்தவன், இன்றைக்கு லோரி வைத்து ஓட்டுகிறேன். படிப்பு கிடையாது. அடிபட்டுத்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். கோபம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. கோபம் இல்லாதவனால் பேரம் பேச முடியாது அண்ணே. எதிராளி ஒரு நிமிஷம் பயந்தால் போதும், விலை இறங்கிவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஈயக்குட்டைகள் இருக்கின்றன அல்லவா, வெள்ளைக்காரன் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட பள்ளங்கள்? தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டன. அதில் ராஜா மீன் இருக்கிறது. மஞ்சள் உடம்பு, மேலே கறுப்புப் பட்டை, வாலில் கண் மாதிரி ஒரு பொட்டு. எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட மீன், இப்போது இதுதான் அங்கே முதலாளி. அதைப் பிடிக்கத்தான் எங்கள் சங்கம். சின்னப் படகு, படகுக்கு ஒரு ஆள், பின்னால் பேட்டரி மோட்டார். பெட்ரோல் எஞ்சின் கூடாது. பேரா மாநிலம் முழுக்க விசாரித்துப் பாருங்கள், என் சங்கம் மாதிரி ஒழுங்கான சங்கம் கிடையாது. நான்தான் பிரசிடெண்ட்.

பேட்டரி மோட்டார் மட்டும் என்கிற சட்டம் எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். குட்டை ஒரு சீனத் தௌக்கேயுடையது, பெரிய முதலாளி. கரையோரம் முழுக்க அவர் வாத்துப் பண்ணை. எஞ்சின் சத்தம் கேட்டால் வாத்து முட்டை போடாது, அதனால் ஒருத்தனையும் உள்ளே விடமாட்டேன் என்று பல வருஷம் கேட்டைப் பூட்டி வைத்திருந்தார். நான் போய்ப் பேசினேன். சத்தமே வராது, வாத்துக்கு நாங்கள் வந்ததே தெரியாது என்றேன். நம்பவில்லை. அவர் ஆள் வாத்துத் தீவனம் ஏற்றுகிற சம்பான் படகில் ஒரு பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதைக் காட்டி, எங்களைச் சொல்கிறீர்களே, இது என்ன, இதையும் கழற்றுங்கள், நான் உங்களுக்கு ஒரு பேட்டரி மோட்டார் மாட்டித் தருகிறேன் என்றேன். மனுஷர் சிரித்துவிட்டார். அந்த எஞ்சினை அன்றைக்கே என் லோரியில் ஏற்றிவிட்டேன். நல்ல எஞ்சின். பேச்சு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வாத்துக்காக வந்த சட்டம்தான். ஆனால் மோட்டார் சத்தம் போடவில்லை, மனுஷன் கத்துகிறானே. மீன் மாட்டினால் நம் ஆட்கள் கல்யாண வீடு மாதிரிக் கூச்சல் போடுவார்கள். பக்கத்துப் படகுக்காரனுக்கு மீன் ஓடிவிடும், சண்டை வரும். அதனால் நான் இன்னொன்று சேர்த்தேன்: போட்டி நேரத்தில் தண்ணீரில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவுட். பெரிய மீன் மாட்டினால் துடுப்பை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அளவுப் படகு வந்து அந்த இடத்திலேயே அளந்து, மீனைத் திரும்ப விட்டுவிடும். துடுப்பைத் தூக்கினால் மீன். அவ்வளவுதான், வேறு அர்த்தம் கிடையாது. வேறு அர்த்தம் வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கூட்டத்தில் ஒருத்தனாவது எழுந்து சொன்னானா? எல்லாரும் கை தட்டினார்கள்.

நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் அண்ணே. விடிந்து போட்டி ஆரம்பித்தால் குட்டை முழுக்கப் படகு, ஒரு சத்தம் இருக்காது. படகு தானாக நகருவது மாதிரி இருக்கும். எனக்கு முன்னாலெல்லாம் அதைப் பார்த்தால் கோயிலுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். இப்போது கண்ணை மூடினால் அதுதான் வருகிறது, அதனால்தான் கண்ணை மூடுவதில்லை.

கோதண்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பூனை மாதிரி ஆள். என் தங்கச்சி பேசுவதற்கு நேர்மாறு, அவன் பேசவே மாட்டான். ஆனால் தூண்டிலை எடுத்தால் அவனை அடிக்க ஆள் கிடையாது. தொடர்ந்து அவன்தான் ஜெயித்தான். ஜெயிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் பிரசிடெண்டின் மச்சானே ஒவ்வொரு தடவையும் ஜெயித்தால் ஊர் என்ன பேசும்? "அளவுப் பலகையும் குடும்பச் சொத்தா பாஸ்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டான் ஒருத்தன். அதனால் நான் மற்றவனைவிட அவனிடம்தான் கறாராக இருந்தேன். போன போட்டியில் பெரிய மீன் ஒன்று மாட்டியதும் தன்னை மறந்து "முருகா" என்றுவிட்டான். ஒரே ஒரு முருகா. எனக்கே கரை வரைக்கும் கேட்டது. அவுட் என்றேன். அம்பிகை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோ சட்டம்தானே மச்சான் என்று சொல்லி, படகைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். அப்படிப்பட்ட ஆள் என்றால் எனக்குக் கோபம் இன்னும் கூடத்தான் வரும். உங்களுக்கு வராதா?

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுகிற நேரம். நான் கரையில், குடைக்குக் கீழே, பைனாகுலரும் வாக்கி-டாக்கியுமாக. இன்னொரு வாக்கி-டாக்கி அளவுப் படகில் இருந்த அருள்நாதனிடம். லோரி மெக்கானிக், தங்கமான பையன். கோதண்டம் எப்போதும் போலத் தனியாக, தூரத்து மூலையில், மணல் திட்டுக்குப் பக்கத்தில். முதலில் ஒரு தடவை துடுப்பைத் தூக்கினான். அருள்நாதன் போய் அளந்தான். நல்ல மீன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினான். அளந்தான். அதைவிட நல்ல மீன். கரையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

மூன்றாவது தடவையும் துடுப்பு எழுந்தது.

"பாஸ், கோதண்டம் அண்ணன் தூக்கிட்டாரு. போகவா?"

நான் பைனாகுலரில் பார்த்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள் அண்ணே, இதுதான் முக்கியம். ஒரு கையில் துடுப்பு. இன்னொரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். மீனை எங்கள் ஆட்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். ராஜா மீன் துள்ளுகிற துள்ளலுக்கு நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளாவிட்டால் கையை விட்டுப் போய்விடும். வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். நான் பார்ப்பது தெரிந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். முந்தின மீனையே வலையில் போட்டுத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அளக்கச் சொல்கிறானோ என்றுகூட ஓடியது. மனசு அப்படித்தான் ஓடும். நான் என்ன செய்ய?

"இரு. கிழக்கே ரெண்டு பேரு காத்திருக்காங்க. அவங்களை முதல்ல அள," என்றேன்.

கிழக்கே ஒருத்தன்தான் தூக்கியிருந்தான். ரெண்டு பேர் என்று வாயில் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அருள்நாதன் மறுபடியும் கூப்பிட்டான். பாஸ், அவர் இறக்கவே இல்லை, தூக்கிக்கிட்டே இருக்காரு என்றான்.

"தூக்கட்டும். கை வலிக்கட்டும்."

சொல்லிவிட்டேன். சொன்னேன்தான். கோபத்தில் மனுஷன் ஆயிரம் சொல்வான். அருள்நாதன் சரி பாஸ் என்றான். அதை இதுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இங்கே வருகிறான், அம்பிகைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறான், எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுக்கிறான், நான் கண்ணைப் பார்த்தால் அவன் தரையைப் பார்க்கிறான். ஏன் சொல்லாமல் இருக்கிறான்? சொல்லித் தொலைத்தால்கூட நான் ஒரு வார்த்தை பதில் பேசுவேன்.

மற்ற படகுக்காரர்களைக் கேளுங்களேன். கொஞ்சம் தள்ளி நாலைந்து படகு இருந்தது. எல்லாருக்கும் துடுப்பு தெரிந்தது. எரிச்சலில் அத்தனை பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் என்னிடம் வந்து அழுதார்கள், இன்னொரு மீன் பிடித்துவிட்டான் என்று நினைத்தோம் பாஸ் என்று. பார்த்தீர்களா? நான் ஒருத்தன் மட்டுமா?

நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கரையில் சிரித்தவனோடு ரெண்டு வார்த்தை சண்டை போட்டேன். மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது துடுப்பு மேலே இல்லை. தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. படகில் ஆள் தெரியவில்லை. படகு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது அண்ணே. மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பி மாட்டிக்கொண்டு, அதே இடத்தில், வட்டமாக, மெதுவாக. ஒரு சத்தம் கிடையாது. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் உறுமியிருக்கும், நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இது பாட்டுக்குச் சுற்றுகிறது. எவ்வளவு நேரமாகச் சுற்றியதோ. வாத்துகள் அதற்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன.

என் வாழ்க்கையில் நான் பயந்ததே இல்லை என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பயந்தேன். வாக்கி-டாக்கியில் பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. கரையில் கிடந்த ஒரு படகில் ஏறி மோட்டாரை முழுசாகத் திருகினேன். முழுசாகத் திருகினாலும் அது நடக்கிற வேகம்தான். அண்ணே, பக்கத்தில் கரையில் ஒரு கிழவர் வாத்துக்குத் தீவனம் போட்டுக்கொண்டே நடந்து வந்தார், என்னைத் தாண்டிப் போய்விட்டார். அந்த நேரத்தில் ஒரு எஞ்சின் இருந்திருக்கக் கூடாதா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். கேட்டவனை அறைந்துவிடுவேன்.

கத்தினேன். கோதண்டம், கோதண்டம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? வழியில் இருந்த படகுக்காரன் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, உஸ் என்றான். என் சங்கத்து ஆள். என்னைப் பார்த்து. அவனுக்குப் பின்னால் இருந்தவனும் உஸ் என்றான். நான் அழுதுகொண்டு கத்துகிறேன், அவர்கள் என்னை அவுட் என்று சைகை காட்டுகிறார்கள். சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? சரி, எனக்கு அப்படித் தெரிந்தது. இப்போதெல்லாம் எல்லாருடைய முகமும் எனக்குச் சிரிக்கிற மாதிரியே தெரிகிறது.

பக்கத்தில் போய்ச் சுற்றுகிற படகை எட்டிப் பிடித்தேன். உள்ளே மல்லாந்து கிடந்தான். படகில் மீன் இல்லை. தூண்டில் நரம்பு தளர்ந்து கிடந்தது. உடம்பு முழுக்க வியர்வை, உதடு நீலம். ஆனால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். பைனாகுலர் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் அந்தக் கண்ணாடி பளிச்சென்று அடிக்கும், குட்டையின் எந்த மூலையிலிருந்தாலும் தெரியும். நான்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன், பளிச்சென்று தெரிந்தால் பிரசிடெண்ட் உன்னைப் பார்க்கிறார் என்று அர்த்தம், ஏமாற்றாதே என்று. அதைப் பார்த்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்று சொன்னான். காற்று மாதிரி வந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"பாத்தீங்கதானே மச்சான்."

அவ்வளவுதான். கண்ணை மூடிவிட்டான். அப்புறம் அருள்நாதன் வந்தான், நெஞ்சை அமுக்கினான், கரைக்கு இழுத்தோம், ஆம்புலன்ஸ் வந்தது. ஊரெல்லாம் பேச்சு, பிரசிடெண்ட் தனியாளாகப் படகெடுத்துப் போய் மச்சானைக் காப்பாற்றிவிட்டார் என்று. அம்பிகை காலில் விழ வந்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். பாத்தீங்கதானே என்றால் என்ன அர்த்தம்? நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த ரெண்டாவது மீனைச் சொல்லியிருக்கலாம், எவ்வளவு பெரிய மீன் பார்த்தீங்கதானே என்று. மீன்காரன் சாகும்போதும் மீனைத்தான் பேசுவான். இல்லையென்றால், நான் தூக்கியதைப் பார்த்துத்தானே ஓடி வந்தீங்க, நல்ல வேளை பார்த்தீங்க என்று நன்றியாகச் சொல்லியிருக்கலாம். அவன் நல்லவன், அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். இல்லையென்றால். இல்லையென்றால் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிடுவோம். நீங்கள் சொல்லுங்கள், தமிழில் அந்த வார்த்தைக்கு நல்ல அர்த்தம்தானே அதிகம்?

நான் கொலை செய்தவன் மாதிரி பார்க்காதீர்கள். மீன் என்று நினைத்தேன். சட்டம் அப்படி. அவனே வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா? ஒரு முருகா போதுமே, எனக்குக் கரை வரைக்கும் கேட்டிருக்குமே. மூச்சு இல்லாததால் கத்தவில்லையா, அவுட் ஆகிவிடுவோம் என்று கத்தவில்லையா என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். மூச்சுதான் இருந்திருக்காது. டாக்டரைக் கேட்டேன், நெஞ்சு வலி அப்படி வந்தால் கத்த முடியுமா என்று. சிலரால் முடியும், சிலரால் முடியாது என்கிறார். இவ்வளவு படித்துவிட்டு ஒரு உறுதியான பதில் சொல்லத் தெரியவில்லை.

அதோ கதவு திறக்கிறது. உங்களுக்கில்லை, எனக்குத்தான். கேட்டீர்களா, "வாரிஸ் கோதண்டம்" என்கிறாள். இங்கே வாரிஸ் என்றால் கூட வந்த சொந்தக்காரன், வேறொன்றும் இல்லை. நம் காதுக்குத்தான் வேறு மாதிரி விழுகிறது, செத்தவன் சொத்துக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி.

அண்ணே, ஒன்று செய்கிறீர்களா? நீங்கள் போங்கள். அண்ணன் முறை என்று சொல்லுங்கள், அவளுக்கென்ன தெரியும். போய் அவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பரசுராமன் வெளியே இருக்கிறார் என்று சொல்லுங்கள். அப்போது முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு வந்து சொன்னால் போதும். ஒரு நிமிஷ வேலை.

முடியாதா? சரி. என்னோடு கூட உள்ளே வாருங்கள். ஒருத்தரைத்தான் விடுவார்கள் என்றால் நான் பேசிக்கொள்கிறேன். மிஸ்ஸியிடம் பேசி வழிக்குக் கொண்டுவர எனக்குத் தெரியும்.

அதுவும் வேண்டாமா? வாசல் வரைக்கும். அந்தப் பச்சைத் திரை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

உங்களுக்கும் உள்ளே ஆள் இருக்கிறது, உங்களையும் கூப்பிடுவார்கள், எனக்குப் புரிகிறது. மறுபடியும் கூப்பிடுகிறாள். வருகிறேன் மிஸ்ஸி, வந்துகொண்டே இருக்கிறேன். சரி அண்ணே, கடைசியாகக் கேட்கிறேன், இதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது. நீங்கள் எங்கேயும் வர வேண்டாம். இந்த நாற்காலியிலேயே இருங்கள். நான் நடந்து போகிறேன். கதவைத் தாண்டுகிற வரைக்கும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.